ஒரே பெயருக்கு இரண்டு அர்ச்சனை

தொண்ணூற்றாறாம் ஆண்டு பங்குனி மாதம் முழுவதும் எங்கள் வீட்டுத் தொலைபேசி எனக்காக ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்போடு நான் அழுத அழுகையையும், பிள்ளையாரோடு பிடித்த சண்டையையும், கடைசியில் அவர் எனக்குக் காட்டிய வழியையும் உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோயில் மலருக்கு எழுதித் தரும்படி இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். எனக்கு எழுத்து வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் சுகந்தினி. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ரொறொன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில், பதினாலாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஓர் அறையில் அக்காவும் அத்தானும் அவர்களுடைய ஒரு வயது மகனும். மற்ற அறையில் நானும் தவமணி அன்ரியும். அன்ரி எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. அக்காவின் சிநேகிதி ஒருத்தியின் அயலவர். கனடாவுக்குத் தனியே வந்து, போக இடமில்லாமல் எங்களோடு தங்கியவர். அக்காவும் அத்தானும் வேலைக்குப் போக, பகலில் குழந்தையைப் பார்ப்பது அவர்தான். அவருடைய அகதிக் கேஸ் இரண்டு தரம் தள்ளிப்போய் முடிவில்லாமல் கிடந்தது.

நான் ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் ஆய்வுகூட வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடப் படிப்பு. கடைசித் தவணையில் வகுப்பு இல்லை. உண்மையான ஓர் ஆய்வுகூடத்துக்குப் போய்ப் பதினைந்து கிழமை வேலை பழக வேண்டும். அதைப் பிளேஸ்மென்ற் என்பார்கள். அந்த இடத்தைக் கல்லூரி பிடித்துத் தராது, மாணவர்தான் தேட வேண்டும். சித்திரையில் ஒரு புதன்கிழமை மத்தியானத்துக்குள் ஏதாவது ஒரு கம்பனி "இவரை எடுக்கிறோம்" என்று கல்லூரிக்குச் சொல்ல வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

அடுத்த வருடம் வரைக்கும் காத்திருக்க என்னால் முடியாது. அம்மா கொழும்பில் ஒரு லொட்ஜில் தனியே இருந்தார். அக்காவுக்கும் அத்தானுக்கும் நிரந்தர வதிவிடம் அப்போது வரவில்லை. எனக்கு வந்திருந்தது. எனக்கு ஒரு ஒழுங்கான வேலை இருந்தால் அம்மாவைக் கூப்பிடப் பத்திரம் போடலாம். அம்மாவின் கடிதங்களில் எப்போதும் ஒரே வரிதான் இருக்கும்: "எனக்கு இங்கை ஒரு குறையும் இல்லை, நீ படி." குறையில்லாத ஆள் ஏன் ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுத வேண்டும்?

தை மாதமே தேடத் தொடங்கிவிட்டேன். கல்லூரியில் பிளேஸ்மென்றுக்குப் பொறுப்பாக ஒரு பெண்மணி இருந்தார். கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். வகுப்புக்கு வந்து நான்கு விஷயம் சொன்னார். அறிவிப்புப் பலகையில் குத்தியிருக்கும் அட்டைகளை மட்டும் நம்ப வேண்டாம், அதை எல்லோரும் பார்ப்பார்கள். தொலைபேசி நிறுவனத்தின் மஞ்சள் புத்தகத்தையும் நூலகத்தில் உள்ள தொழிற்சாலைப் பட்டியலையும் எடுத்து, ஆய்வுகூடம் இருக்கக்கூடிய இடங்களை நீங்களே கண்டுபிடியுங்கள். ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் அனுப்பாமல், ஒவ்வொரு கம்பனிக்கும் அதற்கென்று எழுதுங்கள். ஒரு கிழமை கழித்து நீங்களே போன் எடுத்துக் கடிதம் கிடைத்ததா என்று கேளுங்கள்.

முதல் மூன்றையும் செய்தேன். நாலாவதைச் செய்யவில்லை.

முப்பத்தெட்டுக் கடிதம் எழுதினேன். சவர்க்காரம் செய்கிற இடம், பிஸ்கற் செய்கிற இடம், தண்ணீர் பரிசோதிக்கிற இடம், பெயின்ற் தொழிற்சாலை, ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் இலக்கம் போட்டு எழுதி வைத்தேன். கனடாவில் வேலை அனுபவம் எதுவும் இல்லாததால் கடிதத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. பெயின்ற் தொழிற்சாலைக்கு எழுதும்போது சலித்துப்போய் உண்மையை எழுதினேன். யாழ்ப்பாணத்தில் சாமான் தடையிருந்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஸ்பிரிற் இருக்கவில்லை. தேங்காயெண்ணெய் விளக்கில்தான் பரிசோதனைக் குழாயைச் சூடாக்குவோம். குழாய் கரி பிடித்து, உள்ளே நிறம் மாறியதா இல்லையா என்றே தெரியாது. துடைத்துத் துடைத்துப் பார்ப்போம். நிறத்தைக் கவனமாகப் பார்க்க அங்கேதான் பழகினேன் என்று எழுதினேன். அனுப்பிய பிறகு, இதைப் போய் எழுதினேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

போன் எடுக்காததற்குக் காரணம் பயம். நேரே நின்றால் கையைக் காலைக் காட்டியாவது கதைத்துவிடுவேன். போனில் ஆங்கிலம் கேட்டால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். வேலை தர விரும்புகிறவர்கள் அவர்களாகவே எடுப்பார்கள்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

இன்னொரு பிழையும் செய்தேன். அது எங்கள் ஆட்கள் மட்டும் செய்கிற பிழை. ஒரு காரியம் முடியுமட்டும் யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் பழக்கம். வீடு பார்த்தாலும் சொல்ல மாட்டோம், மாப்பிள்ளை பார்த்தாலும் சொல்ல மாட்டோம். சொன்னால் கண்ணூறு படும், காரியம் குழம்பும். அதனால் நான் இடம் தேடுகிறேன் என்றோ, கடிதம் போட்டேன் என்றோ, போன் வரும் என்றோ வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளையாருக்கு மட்டும் சொன்னேன்.

அவருக்குச் சொல்வதில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சப்வே ஏறி, பஸ் மாறி ஸ்காபரோவுக்கு வருவேன். அப்போது எங்கள் கோயில் எப்படி இருந்தது என்று பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். டயர் மாற்றுகிற கடைக்கும் தளபாடக் கடைக்கும் நடுவில் ஒரு சேமிப்புக் கூடம். பக்கத்துக் கடையில் இயந்திரம் போடுகிற சத்தத்துக்கு மேலால் ஐயர் மந்திரம் சொல்லுவார். அர்ச்சனைத் துண்டில் என் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதிக் கொடுத்து, கண்ணை மூடி ஒன்றே ஒன்று கேட்பேன். அப்பனே, ஒரு போன் அடிக்கட்டும். ஒன்றே ஒன்று.

வகுப்பில் ஒவ்வொருத்தராக இடம் கிடைத்தது. எங்கள் மேசையில் இருந்த ஐந்து பேரில் நாலு பேருக்குக் கிடைத்துவிட்டது. பிளேஸ்மென்ற் பெண்மணி என்னைக் கூப்பிட்டு, "எத்தனை இடத்துக்குப் போன் எடுத்தாய்?" என்று கேட்டார். எல்லா இடத்துக்கும் என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டு என்னைப் போக விட்டார். அன்று பஸ்ஸில் வரும்போது, படிப்பை விட்டுவிட்டு அக்கா வேலை செய்கிற தொழிற்சாலைக்கே போய்விடலாம் என்று முடிவு கட்டினேன். அடுத்த சனிக்கிழமை கோயிலுக்கு வந்து தேங்காய்கூட வாங்கவில்லை. சும்மா முன்னால் நின்று, "முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தரையாவது அசைக்க உமக்கு ஏலாதா? எனக்கு இனி ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கடவுள் என்றும் பார்ப்பதில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி. கல்லூரி விடுமுறை. கல்லூரி சொன்ன புதன்கிழமைக்கு ஐந்தே நாள் இருந்தது. தவமணி அன்ரி ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் அடுத்த மாடி ஆட்களோடு கோயிலுக்குப் போவார். எனக்கு வழக்கமாக வெள்ளியில் ஆய்வுகூட வகுப்பு இருப்பதால் நான் போனதில்லை. அன்று "நானும் வாறன் அன்ரி" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரிப் போனது.

"நீ ஏன் பிள்ளை வாறாய்? வீட்டில இருந்து படியன்."

"படிச்சுக் கிழிச்சது காணும். வாறன்."

சண்டை போட்டுவிட்டுப் போனவள் திரும்பவும் ஏன் போனேன் என்று கேட்டால், எனக்கே தெரியாது. போக்கிடம் வேறு இருக்கவில்லை. கோயிலில் சனம் நிறைந்திருந்தது. அன்ரி எனக்கு முன்னால் போய்த் தன் துண்டைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் நின்றார். என் முறை வந்தது. ஐயர் துண்டைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சுகந்தினி, பூரட்டாதி. உது இப்பதானே செய்தனான்?"

"இல்லை ஐயா, நான் இப்பதான் துண்டு தாறன்."

"உம்மட பேரில ஒவ்வொரு வெள்ளியும் நடக்குதே! அந்தா நிக்கிற அம்மா செய்விக்கிறவ. உம்மைத் தேடித் திரியிறவையின்ர கண்ணில நீர் படக்கூடாது, அவை விட்டிட்டுப் போகவேணும் எண்டு சங்கற்பம் செய்யச் சொல்லுறவ. நானும் ஏதோ பெரிய பிரச்சினையாக்கும் எண்டு கேக்கேல்லை. நீர் என்னத்துக்குச் செய்யிறீர்?"

என்னைத் தேட வேண்டும் என்று செய்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமைகளில் நான் வந்து, அழைப்பு வரட்டும் என்று கும்பிட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அன்ரி வந்து, வரக்கூடாது என்று கும்பிட்டிருக்கிறார். ஒரே பெயர், ஒரே நட்சத்திரம், ஒரே பிள்ளையார். பாவம், அவர் யாருடைய மனுவை எடுப்பார்?

அன்ரியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடந்த இடத்தில் ஒரு வாங்கு இருந்தது. அதில் இருத்திக் கேட்டேன்.

"ஆர் அன்ரி என்னைத் தேடினது?"

அவர் முந்தானையை விரலில் சுற்றினார். "தெரியாது பிள்ளை. இங்கிலீசில போன் எடுக்கிறாங்கள். உன்ர முழுப்பேரையும் சொல்லிக் கேக்கிறாங்கள். நோ, நோ, அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லி வைச்சிடுவன். நீ பயந்திடுவாய் எண்டுதான் உனக்குச் சொல்லேல்லை."

"எத்தினை தரம்?"

"ஆறு. வந்த நாளில கலண்டரில கீறி வைச்சிருக்கிறன்."

நான் அவரைத் திட்டினேன். கோயில் வாசல் என்றும் பார்க்கவில்லை, வயதுக்கு மூத்தவர் என்றும் பார்க்கவில்லை. "உங்களுக்கு விசரே? நான் அந்தப் போனுக்குத்தானே மூண்டு மாசமாக் காத்திருக்கிறன்! என்ர படிப்பு, அம்மா, எல்லாத்தையும் நாசமாக்கிப் போட்டீங்களே!" என்று கத்தினேன். சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்ரி அழவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"எங்கட வீட்டுக்கும் ரெண்டு பேர் வந்தவை பிள்ளை. படலையில நிண்டு மரியாதையாத்தான் கேட்டவை. யோகன் இருக்கிறாரோ எண்டு. நான் ஓம், உள்ளுக்கு இருக்கிறான் எண்டு சொன்னனான். கூப்பிட்டும் விட்டனான். ஒரு கதை கேக்கவேணும், இப்ப விடுறம் எண்டு சைக்கிளில ஏத்திக்கொண்டு போச்சினம்." முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்தார். "ஆறு வருசமாச்சு. நான் இல்லை எண்டு சொல்லியிருந்தா அவன் இருந்திருப்பான்."

யோகன் அவருடைய ஒரே மகன். ஒரே அறையில் ஒன்றரை வருடம் பக்கத்தில் படுத்திருக்கிறேன். அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் கேட்டதும் இல்லை. திட்டிய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பூசை முடிந்து ஐயர் வீபூதி கொண்டுவந்து இருவருக்கும் தந்தார்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னோம். அக்கா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றுவிட்டு, "ரெண்டு பேருக்கும் வாய் என்னத்துக்கு இருக்குது? புட்டுத் தின்னவோ?" என்றாள். தமிழ்க் கடையில் தந்த கலண்டரை எடுத்து வந்து பார்த்தோம். சின்னச் சின்னதாக ஆறு சிலுவைக் கோடு. கடைசிக் கோடு அந்தக் கிழமை செவ்வாய்க்கிழமை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ எழும்பி நின்றது. போன் அடித்திருக்கிறது. நான் கேட்டதை அவர் ஆறு மடங்கு தந்திருக்கிறார். முகம் கொடுத்துப் பேசாமல் திரும்பி வந்தவள் நான்தான்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொப்பியோடு போனுக்கு முன்னால் இருந்தேன். எழுதி வைத்த இரண்டு வரியை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். அன்ரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். முதல் இடத்தில் குரல் நடுங்கி, கேட்ட கேள்வி விளங்காமல் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாவதில் ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். ஏழாவதுக்குப் பிறகு நடுக்கம் போனது. பன்னிரண்டாவது இடத்தில், "உங்களைத் தேடி எடுத்தோம், பிழையான இலக்கம் என்றார்கள், வேறு ஆளை எடுத்துவிட்டோம்" என்றார்கள். அன்ரி என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். "பரவாயில்லை அன்ரி" என்று சொல்லிவிட்டு அடுத்த இலக்கத்தை அழுத்தினேன். உண்மையில் எனக்கு மனம் நொந்தது.

இருபத்துமூன்றாவது அந்தப் பெயின்ற் தொழிற்சாலை. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பெண்மணியே எடுத்தார். பெயரைச் சொன்னதும், "தேங்காயெண்ணெய்!" என்றார். நான் விளங்காமல் நின்றேன். "தேங்காயெண்ணெய் விளக்குப் பெண் நீதானே? இரண்டு தரம் எடுத்தேன். அப்படி ஒருத்தரும் இல்லை என்று ஒரு வயதான குரல் சொன்னது. உன் கடிதம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது." வேறு ஒருவரைத் தெரிந்தெடுத்து வைத்திருந்தாராம். அந்த ஆள் வேறு இடம் கிடைத்து அன்று காலைதான் வரமாட்டேன் என்று சொன்னாராம். "நாளைக்கு வந்து என்னைப் பார்" என்றார்.

அன்று காலை! நான் ஒரு கிழமை முன்னால் எடுத்திருந்தால் இடமில்லை என்றிருப்பார்கள். இதை நீங்கள் எப்படி எடுத்தாலும் எடுங்கள். போனை வைத்துவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் நான் விழுந்து கும்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை போனேன். ஆய்வுகூடப் பெண்மணி வெள்ளைப் பெயின்ற் பூசிய மூன்று அட்டை தந்து, எது மற்ற இரண்டிலிருந்தும் வித்தியாசம் என்று கேட்டார். எனக்குப் பார்த்ததும் தெரிந்தது, ஒன்றில் ஒரு துளி மஞ்சள் கூடுதல். பிறகு, ஏன் வீட்டில் நீ இல்லை என்று சொன்னார்கள் என்று கேட்டார். ஏதாவது பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். பிளேஸ்மென்ற் பெண்மணிக்குச் சொன்ன பொய் போதும் என்று உள்ளதைச் சொன்னேன். யோகனைப் பற்றியும் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மகன் கிடைத்தானா?"

"இல்லை."

அவர் பேனையைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு, "இன்னொருத்தரையும் இன்று பார்க்க வேண்டும். நாளைக்குக் காலையில் வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்கிறேன். மத்தியானத்துக்குள் கல்லூரிக்கு அறிவிக்க வேண்டுமே. வீட்டில் ஆள் அகப்படாவிட்டால் மற்றவரைத்தான் எடுக்க வேண்டி வரும்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான், புதன்கிழமை காலை எனக்குக் கல்லூரியில் சோதனை என்பது உறைத்தது. கல்லூரி இலக்கத்தைக் கொடுத்திருக்கலாம். அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை. வீட்டுக்கு வந்ததும் போன் எடுத்தேன், அவர் அன்றைய வேலை முடித்துப் போய்விட்டார். அக்காவுக்கும் அத்தானுக்கும் லீவு கிடைக்காது. வீட்டில் நிற்கப் போவது தவமணி அன்ரியும் குழந்தையும்தான்.

பின்னேரம் முழுவதும் அன்ரிக்குப் பாடம். ஒரு தாளில் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதினேன்: "யெஸ். ஷீ இஸ் ஹியர். ஷீ இஸ் இன் எக்ஸாம் நவ். பிளீஸ் ரெல் மீ." போன் வயரைக் கழற்றிவிட்டு நான் குசினியில் இருந்து "ஹலோ" என்பேன். அன்ரி கைபிடியைக் காதில் வைத்து வாசிக்க வேண்டும். எக்ஸாம் வந்தது, பிளீஸ் வந்தது. முதல் சொல் மட்டும் வரவில்லை. வாயைத் திறப்பார், மூடுவார்.

"அன்ரி, யெஸ் எண்டு ஒரு சொல்லுத்தானே!"

"நான் ஓம் எண்டு சொன்னா ஆக்கள் போயிடுவினம் பிள்ளை."

எனக்கு அதற்கு மேல் வற்புறுத்த மனம் வரவில்லை. தாளைப் போனுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அதற்குப் பக்கத்தில் அன்ரி தானாகவே பிள்ளையார் படம் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினார். அன்று முதல் முறையாக இரண்டு பேரும் சேர்ந்து ஒரே விஷயத்தைக் கேட்டுக் கும்பிட்டோம். நான் எனக்காகக் கேட்கவில்லை. அன்ரியின் வாயில் அந்த ஒரு சொல் வர வேண்டும் என்று கேட்டேன்.

புதன்கிழமை சோதனையில் என்ன எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பதினொன்றே காலுக்கு வெளியே ஓடி வந்து, நடையில் இருந்த பொதுத் தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்தேன். வீட்டுப் போனில் யாரோ கதைக்கிறார்கள் என்கிற பீப் சத்தம். திரும்ப எடுத்தேன், அதே சத்தம். மூன்றாவது தடவை மணி அடித்தது. எடுபட்டது.

"யெஸ்! ஷீ இஸ் ஹியர்! ஷீ இஸ் இன் எக்ஸாம் நவ்!"

காது கிழிகிற மாதிரிக் குரல். எனக்கு அந்த நடையிலேயே கண்ணீர் வந்துவிட்டது.

"அன்ரி, நான்தான்."

"நீயோ? சும்மா ஏன் எடுக்கிறாய்? வை, வை!"

"அவை எடுத்தவையே?"

"எடுத்தவ. உன்ர பேரைக் கேட்டவ. நான் சொன்னனான் பிள்ளை. யெஸ், ஷீ இஸ் ஹியர் எண்டு சொன்னனான். ரெண்டு தரம் சொன்னனான்." குரல் மெல்ல இறங்கியது. "ஒண்டும் நடக்கேல்லை. அவ சிரிச்சவ. நான் எழுதி வைச்சிருக்கிறன், கேள். மே. மண்டே. செவின் தேட்டி. சூஸ்."

மே மாத முதல் திங்கள், காலை ஏழரை, இரும்பு முனை வைத்த பாதுகாப்புச் சப்பாத்தோடு வரவும். கல்லூரிக்கும் ஆய்வுகூடப் பெண்மணியே அறிவித்துவிட்டார். பிளேஸ்மென்ற் பெண்மணியின் கந்தோருக்கு ஓடினேன். அவர் கம்பனியிலிருந்து வந்த தாளைக் காட்டி, "இந்த முறை உண்மையாகவே போன் எடுத்திருக்கிறாய் போல" என்றார்.

அதன் பிறகு நடந்தது கனபேருக்குத் தெரியும். பதினைந்து கிழமை முடிந்ததும் அந்த ஆய்வுகூடத்திலேயே என்னை வைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் அம்மாவுக்குப் பத்திரம் போட்டேன். ஒன்றரை வருடத்தில் அம்மா வந்து சேர்ந்தார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயில் குசினியில் மோதகம் பிடிப்பவர்களில் அதிகம் குறை சொல்கிறவர் யாரென்று பாருங்கள், அதுதான் என் அம்மா. அன்ரியின் கேஸும் சரிவந்தது.

நான் மாறினேனா என்று கேட்டால், கோபம் குறையவில்லை. ஆனால் ஒளிக்கிற பழக்கம் போய்விட்டது. படிக்கிற பிள்ளைகள் இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன். பிள்ளையாரை நம்புங்கள். முழுதாக நம்புங்கள். கும்பிட்டுவிட்டு வந்து, மஞ்சள் புத்தகத்தையும் எடுங்கள், கடிதத்தில் உங்களுடைய உண்மையையும் எழுதுங்கள், நடுங்கினாலும் நீங்களே போன் எடுங்கள். முக்கியமாக, வீட்டில் போன் எடுக்கிற ஆளுக்கு விஷயத்தைச் சொல்லி வையுங்கள். கண்ணூறு வந்தால் ஒரு தேங்காயைச் சுற்றி உடைக்கலாம். இப்போது இடம் தேடுகிற பிள்ளைகள் சனிக்கிழமை பூசைக்குப் பிறகு என்னிடம் வாருங்கள். கடிதம் திருத்தித் தருகிறேன், பக்கத்தில் இருந்து போனும் எடுப்பிக்கிறேன். இதுவரைக்கும் எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். எட்டுப் பேரும் முதல் போனில் நடுங்கியவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. யோகன் போன நாளிலிருந்து அன்ரி அவனுடைய பெயரைக் கோயிலில்கூடச் சொன்னதில்லை. யாருக்கும் அந்தப் பெயரைக் கொடுக்கப் பயம். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு வந்த வெள்ளியில், என் பெயரை விட்டுவிட்டு வேறொரு துண்டை ஐயரிடம் நீட்டினார். "புதுப் பேரா இருக்குதே, ஆரம்மா?" என்று ஐயர் கேட்டார். "என்ர மகன் ஐயா. இருக்கிறான்" என்றார் அன்ரி. எங்கே என்று ஐயர் கேட்கவில்லை.

இரண்டு வருடமாக ஒரு வெள்ளியும் தவறியதில்லை. இன்னும் செய்தி ஒன்றும் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. ஆறு அழைப்பு வந்தும் தெரியாமல் இருந்தவள் நான், அதனால் "வரவில்லை" என்று இப்போது நான் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்கு வந்தால் ஐயர் பெயர்களை வாசிக்கும்போது கவனித்துக் கேளுங்கள். யோகன், அனுச நட்சத்திரம். அந்தப் பெயர் காதில் விழுந்தால், உங்களுடைய வேண்டுதலைக் கொஞ்சம் நிறுத்தி, அவனுக்காக ஒரு தரம் கும்பிடுங்கள்.